வீட்டுப்பாடத்துக்குப் பரிசு: எதற்குக் கொடுப்பது, எப்போது நிறுத்துவது

படிக்க உட்காரவே மறுக்கும் பிள்ளையைப் பரிசு கொடுத்துப் பழக்கலாமா என்று கேட்டால், பெரும்பாலும் இரண்டு விதமான பதில்களே கிடைக்கின்றன. ஏதாவது கிடைக்கும் என்று தெரிந்தால்தான் பிள்ளைகள் வேலை செய்வார்கள் என்கிறார்கள் ஒரு சாரார். அப்படிப் பழக்கினால் பிறகு எதற்கெடுத்தாலும் கை நீட்டுவார்கள் என்கிறார்கள் மறு சாரார். இரண்டு பிள்ளைகளின் தொடக்கப் பள்ளிக் காலத்தைக் கூடவே உட்கார்ந்து கடந்தவள் என்ற முறையில், இரண்டு பேச்சிலும் பாதி உண்மை இருப்பதாகவே எனக்குப் படுகிறது. பரிசு ஒரு வேலையைத் தொடங்க வைக்கும்; தொடங்கிய வேலை வழக்கமாகும் வரை கைகொடுக்கவும் செய்யும். ஆனால் தெரியாத பாடத்தை அது கற்றுத் தராது. பிள்ளை தானே விரும்பிச் செய்யும் வேலைக்குள் அதை நுழைத்தாலோ, அந்த விருப்பமே குறைந்துபோகக்கூடும். எந்த வேலைக்கு, எந்த நேரத்தில், எவ்வளவு காலத்துக்குக் கொடுப்பது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

எங்கள் வீட்டில் இந்தப் பேச்சு எழுந்தது, மூத்தவன் மூன்றாம் வகுப்புக்குப் போன பிறகுதான். அதுவரை விளையாட்டுப் போக்கில் முடிந்துகொண்டிருந்த வீட்டுப்பாடம், அந்த ஆண்டு கணக்கு, கையெழுத்து, மொழிப்பாடம் என்று ஒரு மணி நேர வேலையாகிவிட்டது. வேலை ஒரு மணி நேரம் என்றால் அதற்கான ஆயத்தம் அதைவிட நீண்டது. பென்சிலைச் சீவுவான், சீவிய முனை உடைந்துவிட்டது என்று மறுபடியும் சீவுவான், தண்ணீர் குடிக்க எழுந்து போவான், அழிரப்பரைத் தேடி மேசைக்கு அடியில் நுழைந்தால் அங்கேயே வேறொரு விளையாட்டு தொடங்கிவிடும். உட்கார்ந்து முதல் கணக்கை எழுதிவிட்டான் என்றால், மீதி வேலை பெரும்பாலும் தடையில்லாமல் நடக்கும். இதைச் சில நாட்கள் பேசாமல் கவனித்ததில்தான், அவனுடைய சிக்கல் படிப்பதில் அல்ல, படிக்கத் தொடங்குவதில் இருக்கிறது என்பது எனக்குத் தெளிவானது. பரிசைப் பற்றி யோசிப்பதற்கு முன்னால், பிள்ளை எந்த இடத்தில் தடுக்கி நிற்கிறது என்பதை இப்படி உட்கார்ந்து பார்த்துவிடுவது மிக முக்கியம் என்று கருதுகிறேன். தொடங்க முடியாத பிள்ளைக்கும், பாதியில் எழுந்துவிடும் பிள்ளைக்கும், கேள்வியே புரியாத பிள்ளைக்கும் வெளியே தெரிவது ஒரே அடம்தான். உள்ளே இருக்கும் காரணம் வேறு வேறு.

என் கணவருக்குப் பரிசு கொடுக்கும் யோசனை முதலில் பிடிக்கவில்லை. "அவன் செய்யவேண்டிய வேலைக்கு நாம எதுக்குக் கூலி குடுக்கணும்?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். நீண்ட நேரம் பேசிய பிறகு இரண்டு விஷயங்களில் ஒத்துப்போனோம். முதலாவது, எது கொடுப்பதானாலும் அது முன்கூட்டியே, எல்லோரும் அமைதியாக இருக்கும் நேரத்தில் பேசி முடிவு செய்ததாக இருக்கவேண்டும். பிள்ளை அழுது அடம்பிடிக்கும் நேரத்தில், "சரி, அழாதே, இதை எழுதி முடி, அது தர்றேன்" என்று சொன்னால், அங்கே நாம் பரிசளிப்பது எழுத்துக்கு அல்ல, அழுகைக்கு. அடுத்த நாள் அழுகைதான் முதலில் வரும். இரண்டாவது, இந்த ஏற்பாடு நிரந்தரமானதல்ல என்பதைத் தொடங்கும்போதே அவனிடம் சொல்லிவிடவேண்டும். "இது உனக்குப் பழக்கமாகுற வரைக்கும்தான்டா" என்று சொன்னபோது அவன் மறுப்பேதும் சொல்லவில்லை. பிள்ளைகளுக்குத் திடீரென்று பறிபோவதுதான் வலிக்கிறது. முன்பே தெரிந்த முடிவை அவர்கள் ஏற்றுக்கொண்டுவிடுகிறார்கள்.

ஆகவே ஒரு தாளில் கட்டங்கள் போட்டுச் சுவரில் ஒட்டினோம். குறித்த நேரத்துக்கு மேசைக்கு வந்து, முதல் கணக்கையோ முதல் வரியையோ எழுதிவிட்டால் ஒரு நட்சத்திரம். முழுவதையும் முடிக்கவேண்டும் என்றோ, எல்லாம் சரியாக இருக்கவேண்டும் என்றோ நிபந்தனை வைக்கவில்லை. நட்சத்திரத்தை அவனே, அந்த நிமிடத்திலேயே ஒட்டிக்கொள்வான். ஒட்டிவிட்டு மறுபடியும் உட்கார்ந்து எழுதுவான். சில நட்சத்திரங்கள் சேர்ந்ததும் ஒரு சலுகை. பொருட்கள் வேண்டாம் என்பதில் நாங்கள் உறுதியாக இருந்தோம். இரவில் எந்தக் கதையைப் படிப்பது என்று அவன் தீர்மானிக்கலாம். விடுமுறைக்கு முந்தைய இரவு கால் மணி நேரம் தாமதமாகத் தூங்கப் போகலாம். அப்பாவோடு தனியாகப் பந்து விளையாடப் போகலாம். இந்தப் பட்டியலை அவனையே சொல்லச் சொல்லித்தான் எழுதினோம். அப்பாவோடு தனியாக, தங்கை இல்லாமல் என்பதை அவன் அழுத்திச் சொன்னபோதுதான், அந்தத் தனி நேரம் அவனுக்கு எவ்வளவு தேவைப்படுகிறது என்பது எங்கள் இருவருக்கும் உறைத்தது.

கைப்பேசி நேரத்தைப் பரிசாக்கும் வழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. எனக்கு அதில் உடன்பாடில்லை. எதைப் பரிசாக வைக்கிறோமோ அதன் மதிப்பு பிள்ளையின் மனத்தில் ஏறிவிடுகிறது; எதைச் செய்தால் பரிசு என்கிறோமோ அது சகித்துக்கொள்ளவேண்டிய ஒன்றாக ஆகிவிடுகிறது. தின்பண்டத்தையும் இதே காரணத்துக்காகவே தவிர்த்தோம்.

பரிசு உடனே கிடைக்கவேண்டும் என்று நான் வலியுறுத்துவதற்கு அனுபவம் மட்டும் காரணமல்ல. பொருளியல் அறிஞர்களான ஸ்டீவன் லெவிட், ஜான் லிஸ்ட் ஆகியோர் தம் சக ஆய்வாளர்களுடன் சிகாகோ வட்டாரப் பள்ளிகளில் நடத்தி, 2016-இல் வெளியிட்ட ஆய்வில், தேர்வு தொடங்குவதற்குச் சற்று முன்பு மாணவர்களுக்குப் பரிசை அறிவித்தார்கள். தேர்வு முடிந்த கையோடு கிடைக்கும் என்று சொல்லப்பட்ட பரிசு, மாணவர்களின் முயற்சியையும் மதிப்பெண்ணையும் கூட்டியது. அதே பரிசு ஒரு மாதம் கழித்துத் தரப்படும் என்றபோது அந்த விளைவு இல்லாமலே போயிற்று. சிறிய பிள்ளைகளுக்குப் பணம் இல்லாமல் ஒரு சாதாரண வெற்றிக் கோப்பையே போதுமானதாக இருந்தது என்பதும் அந்த ஆய்வில் தெரிந்த செய்தி. எட்டு வயதுப் பிள்ளைக்கு ஒரு மாதம் என்பது எட்டாத தொலைவு. ஆண்டு இறுதியில் வாங்கித் தருவதாகச் சொல்லும் பெரிய பொருளைவிட, இன்று மாலை கிடைக்கும் ஒரு காகித நட்சத்திரத்துக்குச் சக்தி அதிகம் என்பதை நான் என் வீட்டு மேசையில் கண்கூடாகப் பார்த்தேன்.

இந்த இடத்தில், உறவினர்கள் அன்போடு தரும் வாக்குறுதிகளைப் பற்றியும் சொல்லவேண்டும். "வகுப்பில் முதலாவதாக வந்தால் சைக்கிள்" என்று என் தம்பி மூத்தவனிடம் சொல்லிவிட்டுப் போனான். பிள்ளை அன்று முழுவதும் சைக்கிளைப் பற்றியே பேசினானே தவிர, புத்தகத்தைத் தொடவில்லை. முதலாவதாக வருவது என்பது அவன் கையில் மட்டும் உள்ள விஷயமல்ல. மற்ற பிள்ளைகள் எவ்வளவு எழுதுகிறார்கள் என்பதையும் பொறுத்தது. அதற்கு என்ன செய்யவேண்டும் என்றும் அவனுக்குத் தெரியாது. ஹார்வர்டு பல்கலைக்கழகப் பேராசிரியராக இருந்த ரோலண்ட் ஃப்ரையர், அமெரிக்க நகரங்களில் 200-க்கும் மேற்பட்ட பள்ளிகளில் மாணவர்களுக்குப் பணம் கொடுத்து நடத்தி, 2011-இல் வெளியிட்ட ஆய்வின் முடிவுகள் இதையே காட்டுகின்றன. நியூயார்க்கில் தேர்வு மதிப்பெண்ணுக்கும், சிகாகோவில் பாடவாரியான தரநிலைக்கும் பணம் கொடுத்தார்கள். தேர்வு அடைவில் குறிப்பிடத்தக்க உயர்வு ஏற்படவில்லை. டல்லஸில் இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு, ஒரு புத்தகத்தைப் படித்து அதைப் பற்றிய சிறு வினாடி வினாவில் தேறினால் 2 டாலர் கொடுத்தார்கள். அங்கே ஆங்கிலம் பேசும் பிள்ளைகளிடம் வாசித்துப் புரிந்துகொள்ளும் திறன் உயர்ந்தது. அதிக மதிப்பெண் பெற என்ன செய்வீர்கள் என்று நியூயார்க் மாணவர்களைக் கேட்டபோது, கேள்வியைக் கவனமாகப் படிப்போம் என்பது போன்ற தேர்வறை உத்திகளைத்தான் சொன்னார்களாம். தினமும் படிப்பதையோ, ஆசிரியரிடம் கேட்டுத் தெரிந்துகொள்வதையோ சொல்லவில்லை. ஆசை அவர்களிடம் இருந்தது, வழி தெரியவில்லை. இதையெல்லாம் தம்பியிடம் எடுத்துச் சொன்ன பிறகு, மதிப்பெண் நிபந்தனையை நீக்கிவிட்டு, பிறந்தநாளுக்கே சைக்கிளை வாங்கிக் கொடுத்துவிட்டான். அன்பளிப்பு அன்பளிப்பாகவே வரட்டும். அதில் மதிப்பெண்ணைக் கட்டித் தொங்கவிட வேண்டாம் என்று உறவினர்களிடம் சொல்லத் தயங்கக்கூடாது.

எதை எண்ணிப் பரிசு கொடுக்கிறோமோ அதுதான் வளரும் என்பதையும் மனத்தில் வைத்துக்கொள்ளவேண்டும். உட்காரும் பழக்கம் வந்தபின், பக்கத்தை முடித்தால் நட்சத்திரம் என்று கொஞ்ச காலம் மாற்றிப் பார்த்தோம். பக்கம் விரைவாகவே முடிந்தது. கையெழுத்தோ கோழி கிண்டிய குப்பை போல் ஆயிற்று. எளிய கணக்குகளை முதலில் போட்டுத் தீர்த்துவிட்டுக் கடினமானவற்றுக்கு வாய்க்கு வந்த எண்ணை எழுதி வைத்தான். அவனைக் குறை சொல்ல இதில் ஒன்றுமில்லை, கேட்டது வேகம், கிடைத்ததும் வேகம். ஆகவே நட்சத்திரத்தை வேறு இடத்துக்கு நகர்த்தினோம். போட்ட கணக்குகளில் இரண்டை மட்டும் மறுபடி சரிபார்த்துக் காட்டவேண்டும். தனக்குக் கடினமாக இருந்த ஒன்றைப் பென்சிலால் வட்டமிட்டு வைக்கவேண்டும். இந்த வட்டமிடும் வேலைக்கு நட்சத்திரம் வைத்ததுதான் நாங்கள் செய்தவற்றிலேயே ஆகச் சிறந்தது என்று இன்றும் நினைக்கிறேன். தெரியாததை மறைப்பதற்குப் பதிலாக, தெரியாததைக் காட்டுவதற்கு அவனுக்கு ஒரு காரணம் கிடைத்தது.

அந்த வட்டங்களில் ஒன்றுதான், பரிசு எந்த இடத்தில் செல்லாது என்பதை எனக்குக் காட்டியது. கழித்தல் கணக்கு வரும் நாட்களில் மட்டும் அவன் பழையபடி இழுத்தடிக்கத் தொடங்கினான். நட்சத்திரத்தை இரண்டாக்கினோம், அப்பாவோடு விளையாடப் போகும் நேரத்தைக்கூட முன்வைத்துப் பார்த்தோம். அவனுக்கு அதில் ஆசை இல்லாமல் இல்லை; கண்ணில் தெரிந்தது. ஆனாலும் கை ஓடவில்லை. வட்டமிட்டிருந்த கணக்கை எடுத்துப் பார்த்தேன். 503-இலிருந்து 247-ஐக் கழிக்கவேண்டும். விடையாக 344 என்று எழுதியிருந்தான். "இதை எப்படிப் போட்டே, எனக்குச் சொல்லிக் காட்டு" என்று கேட்டேன். ஏழிலிருந்து மூன்று போனால் நான்கு. நான்கிலிருந்து சைபர் போனால் நான்கு. ஐந்திலிருந்து இரண்டு போனால் மூன்று என்று சற்றும் தடுமாறாமல் சொன்னான். மேலே இருப்பது எது, கீழே இருப்பது எது என்று பாராமல், ஒவ்வொரு இடத்திலும் பெரிய எண்ணிலிருந்து சிறிய எண்ணைக் கழித்திருக்கிறான். கடன் வாங்கிக் கழிப்பது அவனுக்குப் புரிந்திருக்கவே இல்லை. நடுவில் சைபர் வந்தால் எங்கே போய்க் கடன் வாங்குவது என்பது அவனுக்குப் பெரிய குழப்பம். அந்தக் குழப்பத்திலிருந்து தப்பிக்கத் தனக்கென்று ஒரு விதியை அமைத்துக்கொண்டு, அதை ஒழுங்காகவும் பின்பற்றியிருக்கிறான். பிள்ளைகளின் கழித்தல் பிழைகள் பெரும்பாலும் கவனக்குறைவால் வருபவை அல்ல, ஒழுங்கான ஒரு தவறான விதியிலிருந்து பிறப்பவை என்பதை ஜான் சீலி பிரவுன், ரிச்சர்ட் பர்ட்டன் என்ற இரு ஆய்வாளர்கள் 1978-இலேயே விரிவாக எழுதியிருக்கிறார்கள். அவர்கள் பட்டியலிட்ட பிழைகளில் என் மகன் செய்ததும் ஒன்று.

இப்படிப்பட்ட இடத்தில் எத்தனை நட்சத்திரம் கொடுத்தாலும் என்ன பயன்? ஆசை காட்டி அழைக்கிறோம். போவதற்குப் பாதை இல்லை. பிள்ளைக்கு அது ஊக்கமாக இருக்காது. தோல்வியை இன்னும் கனமாக்கும். அன்று அட்டவணையை ஒதுக்கி வைத்துவிட்டு, தீக்குச்சிகளைப் பத்துப் பத்தாகவும் நூறாகவும் நூலால் கட்டி மேசையில் பரப்பினோம். 5 நூறு, பத்து எதுவும் இல்லை, 3 ஒன்று. இதிலிருந்து 7-ஐ எடுக்கவேண்டும். ஒன்றுகளில் போதவில்லை, பத்துகளிலும் இல்லை. அப்படியானால் ஒரு நூறைப் பிரித்துப் பத்துப் பத்தாக்கு. அதில் ஒரு பத்தைப் பிரித்து ஒன்றுகளோடு சேர். நூறின் கட்டை அவிழ்த்ததும் பத்துக் கட்டுகள் உதிர்ந்து விழுந்தபோது, "ஓ, அது உள்ளேயே இருந்துச்சா?" என்று கேட்டான். இப்போது 4 நூறு, 9 பத்து, 13 ஒன்று. விடை 256 என்பதை அவனே எண்ணிச் சொன்னான். சில மாலைகள் இந்தக் கட்டுகளோடு போயின. அதன்பிறகு கழித்தல் கணக்குக்குத் தனியாக எந்தப் பரிசும் தேவைப்படவில்லை.

இந்த அனுபவத்திலிருந்து நான் எடுத்துக்கொண்ட பாடத்தை மற்றப் பெற்றோரிடம் திரும்பத் திரும்பச் சொல்லி வருகிறேன். பிள்ளை உண்மையாகவே ஆசைப்படும் ஒன்றைக் காட்டியும் வேலை நகரவில்லை என்றால், பரிசைப் பெரிதாக்காதீர்கள். நோட்டைத் திறந்து, அவன் என்ன செய்கிறான் என்பதைச் சொல்லிக் காட்டச் சொல்லுங்கள். பார்வை மங்கலாக இருந்தும் அதைச் சொல்லத் தெரியாத பிள்ளைகள் உண்டு. காது சரியாகக் கேட்காத பிள்ளைகள் உண்டு. எழுத்துகளைக் கூட்டிப் படிப்பதே பெரும் பாடாக இருக்கும் டிஸ்லெக்சியா உள்ள பிள்ளைகள் உண்டு. மாதக்கணக்கில் இந்த நிலை நீடித்தால் பள்ளி ஆசிரியரிடமும் மருத்துவரிடமும் பேசவேண்டும். கவனக்குறைபாடு உள்ள பிள்ளைகளுக்கு உடனுக்குடன் கிடைக்கும் சிறுசிறு பரிசுகள் சிகிச்சையின் ஒரு பகுதியாகவே பரிந்துரைக்கப்படுகின்றன. அவர்களுக்கு அது மற்றப் பிள்ளைகளைவிட நீண்ட காலம் தேவைப்படலாம், அதில் வெட்கப்பட ஏதுமில்லை.

இளையவளின் கதை முற்றிலும் வேறு. அவளுக்குப் படம் வரையவும் கதைப் புத்தகம் படிக்கவும் யாரும் சொல்லவேண்டியதில்லை. வேண்டாம் என்று விளக்கை அணைப்பதுதான் எங்கள் வேலை. அண்ணனுக்குக் கட்டம் இருக்கிறது, எனக்கு ஏன் இல்லை என்று அவள் கேட்டாள். நியாயம் என்பதற்காக, அவள் படிக்கும் ஒவ்வொரு கதைக்கும் ஒரு நட்சத்திரம் கொடுத்துவிடலாமே என்று வீட்டில் ஒரு யோசனை எழுந்தது. நான் ஒப்புக்கொள்ளவில்லை. மார்க் லெப்பர், டேவிட் கிரீன், ரிச்சர்ட் நிஸ்பெட் ஆகிய மூவர் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் மழலையர் பள்ளியில் நடத்தி, 1973-இல் வெளியிட்ட ஆய்வை நான் முன்பே படித்திருந்தேன். வண்ணப் பேனாவால் வரைவதில் ஏற்கெனவே ஆர்வமுள்ள பிள்ளைகளை மூன்று குழுக்களாகப் பிரித்தார்கள். ஒரு குழுவிடம், வரைந்தால் தங்க முத்திரையும் சிவப்பு நாடாவும் கொண்ட சான்றிதழ் கிடைக்கும் என்று முதலிலேயே சொன்னார்கள். இன்னொரு குழுவுக்கு எதுவும் சொல்லாமல், வரைந்து முடித்தபின் அதே சான்றிதழைக் கொடுத்தார்கள். மூன்றாவது குழுவுக்கு எதுவுமில்லை. ஓரிரு வாரம் கழித்து வகுப்பில் பேனாக்களைச் சும்மா வைத்துவிட்டுக் கவனித்தபோது, பரிசுக்காக வரைந்த முதல் குழுவினர் அவற்றோடு செலவிட்ட நேரம் மற்றவர்களுடையதில் ஏறத்தாழப் பாதியாக இருந்தது. எதிர்பாராமல் சான்றிதழ் பெற்றவர்களுக்கோ ஆர்வம் குறையவில்லை. எட்வர்டு டெசி, ரிச்சர்ட் கோஸ்ட்னர், ரிச்சர்ட் ரையன் மூவரும் 1999-இல் 128 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோதும், முன்கூட்டியே அறிவிக்கப்பட்டுக் கையில் கிடைக்கும் பரிசுகள் தன்னார்வத்தைக் குறைப்பதாகவே கண்டார்கள். சிறு பிள்ளைகளிடம் அந்தப் பாதிப்பு கூடுதலாகவே இருந்தது. இதை மறுத்து வாதிட்ட ஆய்வாளர்களும் இருக்கிறார்கள். சலிப்பூட்டும் வேலைகளில் பரிசால் இத்தகைய கேடு வருவதில்லை என்பது அவர்கள் வாதத்தில் ஒரு முக்கியப் பகுதி. என் மகனின் வீட்டுப்பாடம் அந்தச் சலிப்பூட்டும் வகை; மகளின் கதைப் புத்தகம் தானே விரும்பிச் செய்யும் வகை.

ஆகவே அவள் படிப்புக்குக் கட்டம் போடவில்லை. அவளுக்குச் சிரமமாக இருந்தது காலையில் பள்ளிப் பையை அடுக்கி வைப்பது. அதற்கு ஒரு கட்டம் போட்டுக் கொடுத்தோம். அண்ணனுக்கு அவனுடைய சிரமத்துக்கு, தங்கைக்கு அவளுடைய சிரமத்துக்கு என்றதும் நியாயப் பிரச்சினையும் தீர்ந்தது. இரண்டு தாள்களையும் அருகருகே ஒட்டவில்லை. யாருக்கு எத்தனை என்று எண்ணிப் பார்க்கும் போட்டி தொடங்கினால் தோற்கும் பிள்ளை அந்தத் தாளையே வெறுத்துவிடும்.

ஒருமுறை கிடைத்த நட்சத்திரத்தை எந்தக் காரணத்துக்காகவும் திரும்ப எடுத்ததில்லை. தங்கையை அடித்தான் என்றால் அதற்குரிய கண்டிப்பு தனி. காலையில் உழைத்துப் பெற்றதை மாலையில் பிடுங்கிக்கொண்டால், உழைப்புக்கு மதிப்பில்லை என்றுதான் பிள்ளை புரிந்துகொள்ளும். சொன்ன சலுகையைச் சொன்ன நாளில் கொடுத்துவிடவேண்டும் என்பதும் அப்படியே. வீட்டு வேலைகளுக்கு நட்சத்திரம் கேட்டபோது மறுத்துவிட்டோம். தட்டைக் கழுவுவதும் துணியை மடிப்பதும் இந்த வீட்டில் இருப்பவர்கள் எல்லோரும் செய்வது.

பாராட்டும் ஒரு பரிசுதான் என்பதால் அதையும் கவனித்தே கொடுக்கவேண்டியிருக்கிறது. கிளாடியா மியூலர், கரோல் டுவெக் இருவரும் 1998-இல் வெளியிட்ட ஆய்வில், "நீ புத்திசாலி" என்று பாராட்டப்பட்ட ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் அடுத்த முறை எளிய புதிர்களைத் தேர்ந்தெடுத்ததும், தோல்வி வந்ததும் சோர்ந்ததும், தங்கள் மதிப்பெண்ணை மற்றவர்களிடம் கூட்டிச் சொன்னதும் பதிவாகியிருக்கின்றன. "நன்றாக முயன்றிருக்கிறாய்" என்று கேட்டவர்கள் கடினமானதைத் தேர்ந்தெடுத்தார்கள். என் அனுபவத்தில், பாராட்டு எவ்வளவு குறிப்பாக இருக்கிறதோ அவ்வளவு பலன். "சூப்பர்" என்று சொன்னால் அவன் காதில் விழுவதே இல்லை. "இந்த மூணாவது கணக்கை அழிச்சிட்டு மறுபடி போட்டிருக்கே, நீயே தப்பைக் கண்டுபிடிச்சியா?" என்று கேட்டால், எப்படிக் கண்டுபிடித்தான் என்பதை எனக்கு விளக்கத் தொடங்கிவிடுவான். நட்சத்திரத்தைவிட அந்த உரையாடலுக்காகவே அவன் நோட்டை எடுத்துக்கொண்டு வரும் நாட்கள் வந்தன.

அதுதான் பரிசைக் குறைக்கத் தொடங்கவேண்டிய வேளை. பலர் இந்தக் கட்டத்தில் ஏற்பாட்டை ஒரேயடியாக நிறுத்திவிடுகிறார்கள், அல்லது ஆண்டுக்கணக்கில் இழுக்கிறார்கள். நாங்கள் படிப்படியாகக் குறைத்தோம். தினமும் ஒட்டியதை வாரத்தில் சில நாட்களுக்கு மாற்றினோம்; பிறகு வாரம் முழுவதையும் சேர்த்துப் பார்த்து வார இறுதியில் ஒரு சலுகை என்றானது; அதன்பின் முன்னறிவிப்பில்லாமல் எப்போதாவது ஒரு நாள், "இன்னைக்குக் கதை நீ சொல்றதுதான்" என்று மட்டும். குறைக்கும்போது நடுவில் ஒருமுறை பழைய இழுத்தடிப்பு தலைகாட்டியது. ஒரு படி பின்னே போய், சில நாட்கள் தினசரி நட்சத்திரத்தைக் கொடுத்துவிட்டு மறுபடியும் குறைத்தோம். ஒட்டுவதற்கு அவனே மறந்துபோகத் தொடங்கியபோது தாளைக் கழற்றிவிட்டோம். தங்கையின் தாள் அதற்கும் முன்பே போய்விட்டது.

வாய்ப்பாடு மனப்பாடம் மட்டும் விதிவிலக்காக நீடித்தது. அதில் இயல்பான சுவை என்று ஒன்றும் இல்லை. ஏழாம் வாய்ப்பாட்டை விரும்பிச் சொல்லும் பிள்ளையை நான் இன்னும் பார்க்கவில்லை. ஆனால் அது கைவசம் இல்லாமல் வகுத்தலும் பின்னமும் நகராது. ஒவ்வொரு வாய்ப்பாடும் தடையின்றி வந்தபின் சேர்ந்து ஒரு ஆட்டம் ஆடுவது என்ற ஏற்பாட்டைப் பன்னிரண்டாம் வாய்ப்பாடு வரை வைத்திருந்தோம். அதற்காக நான் வருந்தவில்லை.

இப்போது மூத்தவன் நடுநிலைப் பள்ளிக்கு வந்துவிட்டான். கட்டமும் நட்சத்திரமும் அவன் வயதுக்குப் பொருந்தாது. ஆனால் வேலையை அவனே வரிசைப்படுத்திக்கொள்கிறான். "அறிவியலை முடிச்சிட்டுத்தான்மா பந்தாடப் போவேன்" என்று சொல்லிவிட்டு உட்காருகிறான். விருப்பமான செயலை, விருப்பமில்லாத செயலுக்குப் பின்னால் வைத்தால் விருப்பமில்லாததும் நடக்கும் என்று உளவியல் அறிஞர் டேவிட் பிரிமாக் 1950களின் இறுதியில் விளக்கிய விதி இதுதான். அதை அவன் யாரும் சொல்லாமலே கையாளுகிறான். பல வாரங்கள் நீளும் செயல்திட்டங்கள்தான் இன்னும் அவனுக்கு மலைப்பாக இருக்கின்றன. அந்த நேரங்களில் நானும் அவனும் நாட்காட்டியை நடுவில் வைத்துக்கொண்டு, வேலையை ஒரு மாலையில் முடியக்கூடிய துண்டுகளாகப் பிரிக்கிறோம்; முதல் துண்டு எவ்வளவு சிறியதாக இருக்கிறதோ அவ்வளவு விரைவில் அவன் தொடங்குகிறான் என்பதால், முதல் நாளுக்குத் தலைப்பை எழுதுவதைத் தவிர வேறெதையும் வைப்பதில்லை.